மருந்து அடிப்பவருக்குச் சர்க்கரை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்று போன மாதம் தெரிந்தது. ஒல்லியான ஆள், எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ஆனால் வருஷக்கணக்காக நெல்லுக்கும் கத்தரிக்கும் மருந்து அடிக்கிறார். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை மூடியில் அளந்து வாளியில் ஊற்றி, குச்சி கிடைக்காவிட்டால் கையாலேயே கலக்குவார். டேங்க் கசிந்து முதுகுச் சட்டை ஊறிப்போகும். அதே சட்டையோடு வரப்பில் உட்கார்ந்து சாப்பாடு.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகளைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து அசிட்டேட் ஆக்குகின்றன, அதிலிருந்து உடம்பு குளுக்கோஸ் தயாரிப்பது கூடுகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். குளோர்பைரிபாஸும் அந்த வகைதான். சித்தப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, சரி. ஆனால் டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னாரே தவிர, என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை!

இந்த வகை மருந்து உடம்பைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்கும் கோலினெஸ்டெரேஸ் ரத்தப் பரிசோதனை காரைக்குடியில் எங்காவது எடுக்கிறார்களா, மதுரைக்குத்தான் போகணுமா? எவ்வளவு ஆகும்? அப்புறம், நம்ம ஊர் வெயிலில் போட்டுக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய கையுறை, முகக்கவசம் எது? மனுஷன் ரப்பர் கையுறையைப் பத்து நிமிஷத்தில் கழற்றி எறிந்துவிடுகிறார். கத்தரிக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வைத்தவர்கள் இருந்தால், மருந்து அடிப்பது எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள். அவரிடம் காட்டத்தான் கேட்கிறேன், என் பேச்சு எடுபடவில்லை.