நாடகமாக நிகழ்த்தப்படும் சிம்பொனி நிகழ்ச்சிகள் குழந்தைகளை இசையிடம் கொண்டுசேர்க்குமா?

இருபிள்ளைத்தாய்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மேற்கத்திய செவ்வியல் இசையை நான் முறையாகக் கற்றவள் அல்லள். விரும்பிக் கேட்பவள், அவ்வளவுதான். சென்ற ஆண்டு இருவரையும் பெரியவர்களுக்கான ஒரு சிம்பொனி நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றேன். முதல் பத்து நிமிடங்கள் மகன் டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசை வாசிப்பவரை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கோல்களைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்ததும் அவனுடைய ஆர்வமும் அமர்ந்துவிட்டது. மகள் எப்போது முடியும் என்று மூன்று முறை கேட்டாள். இடைவேளையில் கிளம்பிவிட்டோம்.

இப்போது ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்', பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் 'விலங்குகளின் திருவிழா' ஆகிய இரண்டையும் நாடக வடிவில் நிகழ்த்தப்போகிறார்கள் என்று அறிந்தேன். முழு இசைக்குழுவுடன் ஒரு கதைசொல்லியும், முகமூடி அணிந்த நடிகர்களும், ஒளியமைப்பும் உண்டாம். அழைத்துச் செல்லலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இசையறிந்த உறவினர் ஒருவர், இது மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வேலை என்றும், குழந்தை தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடும் என்றும் சொல்கிறார். முகமூடியும் ஓநாயும் நினைவில் தங்கி, இசை பின்னணிச் சத்தமாகப் போய்விடுமா? இத்தகைய நிகழ்ச்சிகளில் வாசித்தவர்களோ, பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களோ தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாசூன்காரன்:

அம்மா, நான் இசைக்குழுவில் பாசூன் என்ற நீண்ட மரக்காற்றுக் கருவியை வாசிப்பவன். 'பீட்டரும் ஓநாயும்' படைப்பில் தாத்தாவாக எத்தனை முறை முணுமுணுத்திருக்கிறேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. உங்கள் உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பது அந்த நிகழ்ச்சியை அமைத்தவர்களைப் பொறுத்தது.

இந்தப் படைப்பின் பிறப்பே ஒரு நாடக அரங்கோடு தொடர்புடையது. 1936ஆம் ஆண்டு மாஸ்கோவில் குழந்தைகளுக்கான நாடக அரங்கை நடத்திவந்த நதாலியா சாட்ஸ், பிள்ளைகளுக்கு இசைக்குழுவின் கருவிகளை அறிமுகம் செய்யும் படைப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டதால்தான் புரோக்கோஃபியெவ் இதை எழுதினார். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பாசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள், பீட்டருக்கு வயலின் குடும்பம் முழுவதும் என்று பிரித்துக் கொடுத்தார். வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் டிம்பனியிலும் பெரிய முரசிலும் வருகிறது. உங்கள் மகனுக்கு அந்த இடம் நிச்சயம் பிடிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனை மரத்தில் தாவி ஏறும் இடத்தில், கீழ்ச்சுருதியில் பதுங்கிப் பதுங்கி நடந்துகொண்டிருந்த கிளாரினெட் சட்டென்று மேலே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைக் கேட்டாலே பூனை ஏறிவிட்டது தெரியும். மேடையில் ஒருவர் ஏணியில் ஏறிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. நடிப்பு ஏற்கெனவே இசைக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நல்ல இயக்குநர் என்ன செய்வார் என்றால், பூனையாக நடிப்பவரைக் கிளாரினெட் வாசிப்பவரின் அருகிலேயே உலவவிடுவார்; குழந்தையின் பார்வை முகமூடியிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து ஒலிக்கும் தானாகவே போய்ச் சேரும். பறவை வேடமிட்டவர் புல்லாங்குழல் கலைஞரின் தோளுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்த்த ஒரு நிகழ்ச்சியில், அரங்கிலிருந்த பிள்ளைகள் பறவை எங்கே என்று கேட்டபோதெல்லாம் புல்லாங்குழலையே சுட்டிக் காட்டினார்கள்.

நேர்மாறான நிகழ்ச்சியிலும் வாசித்திருக்கிறேன். எங்களை மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் இருட்டில் உட்காரவைத்துவிட்டு, மேலே பெரிய திரையில் அசைவுப்படம் ஓடவிட்டார்கள். மூன்று ஹார்ன் கலைஞர்களும் உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். ஒரு குழந்தைகூட அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பதிவு செய்த இசையை ஓடவிட்டிருந்தாலும் யாருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது. அதனால் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: இசைக்குழு மேடையில், வெளிச்சத்தில், நடிகர்களுக்கு நடுவே இருக்கிறதா?

நிகழ்ச்சி தொடங்கும் முன் கருவிகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, ஒவ்வொரு பாத்திரத்தின் மெட்டையும் தனியே வாசித்துக் காட்டுவது நல்லது என்று புரோக்கோஃபியெவே இசைக்குறிப்பின் தொடக்கத்தில் குறித்திருக்கிறார். பல குழுக்கள் நேரமில்லை என்று அதை விட்டுவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் என் கருவிக்குள் சுமார் இரண்டரை மீட்டர் நீளக் குழாய் மடிந்து கிடக்கிறது என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை ஓநாய்கூடச் சாதிப்பதில்லை.

ஓய்வுபெற்ற இசையாசிரியர்:

நான் சற்று மாறுபடுகிறேன், சண்டைக்காக அல்ல. கதையோடு பிறந்த இசையையும், கதை பின்னால் ஒட்டப்பட்ட இசையையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

அமெரிக்க இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் 1958 முதல் 1972 வரை இளையோருக்காக 53 நிகழ்ச்சிகளை நடத்தித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்தார். அவற்றில் முதல் நிகழ்ச்சியின் தலைப்பே இசைக்கு என்ன பொருள் என்ற கேள்விதான். அதில் ரிகார்ட் ஸ்ட்ராஸின் 'டான் கிஹோத்தே' இசையை எடுத்துக்கொண்டு, சூப்பர்மேன் சிறையிலிருந்து ஒருவரை மீட்பதாகத் தானே கட்டிய ஒரு கதையை முதலில் சொன்னார். இசை அந்தக் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகு ஸ்ட்ராஸ் மனத்தில் வைத்திருந்த உண்மையான கதையைச் சொல்லி அதே இசையை வாசித்தார், அதுவும் பொருந்தியது. ஒரே இசைக்கு இரண்டு கதைகளும் பொருந்துமானால், கதை இசைக்கு வெளியே நிற்கும் ஒன்று என்பது குழந்தைக்கே விளங்கிவிடுகிறது. வேடமும் திரையும் இல்லாமல் ஒரு மனிதரின் பேச்சும் ஒரு பியானோவும் இசைக்குழுவும் மட்டுமே இதைச் செய்தன. என்னைப் பொறுத்தவரை அதைவிடச் சிறந்த நாடகம் கிடையாது.

இதேபோல், ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'இசைக்குழுவுக்கு ஓர் இளையோர் வழிகாட்டி' என்ற படைப்பை உங்கள் மகளுக்குப் பரிந்துரைப்பேன். முதலில் ஒரு கல்விப் படத்துக்காக எழுதப்பட்ட இது 1946இல் மேடையேறியது. பழைய ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் 1695ஆம் ஆண்டில் எழுதிய ஒரு மெட்டை முழுக் குழுவும் வாசிக்கிறது. பிறகு மரக்காற்றுக் கருவிகள், பித்தளைக் கருவிகள், தந்திக் கருவிகள், தாளக் கருவிகள் என்று ஒவ்வொரு குடும்பமும் வாசித்துக் காட்டுகின்றன. அதைத் தொடர்ந்து அந்த மெட்டையே மாற்றி மாற்றி அமைத்த பதின்மூன்று மாறுபாடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் தனக்கென ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. இறுதியில், ஒரே மெட்டைக் கருவிகள் ஒன்றையொன்று துரத்தி வாசிக்கும் ஃபியூக் பகுதியில், பிக்கலோ என்ற சின்னஞ்சிறிய புல்லாங்குழல் புதிய மெட்டு ஒன்றைத் தொடங்க, மற்றக் கருவிகள் முன்பு அறிமுகமான அதே வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நுழைகின்றன. எல்லாம் சேர்ந்து கொந்தளிக்கும் நேரத்தில் பித்தளைக் கருவிகள் பர்செல்லின் பழைய மெட்டை உரக்கத் திரும்பக் கொண்டுவருகின்றன. என் மாணவர்களில் பலர் அந்த இடத்தில் இருக்கையை விட்டு எழுந்திருக்கிறார்கள். ஓநாயும் இல்லை, வாத்தும் இல்லை. இரண்டு மெட்டுகள் மோதிக்கொள்வதே அங்கே நாடகம்.

'விலங்குகளின் திருவிழா' பற்றியும் ஒரு சொல். சேன்-சான்ஸ் 1886இல் நண்பர்களுக்கான வேடிக்கையாக அதை எழுதினார். தம் பெயருக்குப் பங்கம் வரும் என்று அஞ்சி, செலோவில் ஒலிக்கும் 'அன்னம்' என்ற பகுதி தவிர மற்றவற்றை வாழ்நாளில் அச்சிட அனுமதிக்கவில்லை. அதில் ஆமைக்கு அவர் எழுதியது ஆஃபன்பாக்கின் துள்ளல் நடனமான கான்-கான் மெட்டைத்தான்; நகர மனமில்லாத வேகத்தில் தந்திக் கருவிகள் அதை இழுத்து இழுத்து வாசிக்கும். அந்த மெட்டின் அசல் வேகத்தை அறியாத குழந்தைக்கு இந்த நகைச்சுவை சேராது. மேடையில் ஒருவர் ஆமை ஓட்டைச் சுமந்து தவழ்வதைப் பார்த்து அது சிரிக்கும். ஆனால் சேன்-சான்ஸ் சிரிக்கவைக்க நினைத்தது அதற்காக அல்ல. போவதற்கு முதல் நாள் கான்-கானை அதன் உண்மையான வேகத்தில் ஒருமுறை கேட்க வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஓசைக்கு அஞ்சும் பிள்ளையின் தந்தை:

மேலே இருவரும் சொன்ன அளவுக்கு எனக்கு இசையறிவு இல்லை. என் மகனுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஆகவே நடைமுறையில் கற்றுக்கொண்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முன்வரிசை கிடைத்தால் நல்லது என்று நினைத்து ஒருமுறை ஏமாந்தேன். முன்வரிசையிலிருந்து பார்த்தால் வயலின் கலைஞர்களின் காலணிகள்தான் தெரிகின்றன. பின்னால் அமர்ந்திருக்கும் காற்றுக் கருவிகளும் முரசுகளும் கண்ணிலேயே படுவதில்லை. சற்று உயரத்தில், நடைபாதையை ஒட்டிய இருக்கை இருந்தால் முழுக் குழுவையும் பார்க்கலாம். தேவைப்பட்டால் யாரையும் தொந்தரவு செய்யாமல் வெளியேறிவிட்டுத் திரும்பவும் வரலாம். காதுகளை மூடும் ஒலித்தடுப்பான் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்கிறேன். துப்பாக்கிச் சத்தம் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவன் அந்த இடத்துக்காகக் காத்திருந்து, தானே அதை அணிந்துகொண்டு, பிறகு கழற்றிவிடுகிறான்.

இன்னொன்று, ஓநாய் வாத்தை விழுங்கும் இடம். சில ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அது உண்மையிலேயே துயரமாக இருக்கும். என் மகன் விம்மி விம்மி அழுதான். வாத்து உயிரோடுதான் விழுங்கப்பட்டது, கதையின் கடைசியில் ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து அதன் குரல் கேட்கும் என்று சொல்லிவைத்தால், குழந்தை இறுதிவரை ஓபோவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் அடுத்த முறை அப்படித்தான் நடந்தது. இசையாசிரியர் ஐயா கதையை இசைக்கு வெளியே நிற்பது என்கிறார். ஆனால் அன்று என் மகன் ஒரு கருவியின் ஒலியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் கேட்டதற்குக் காரணம் அந்த வாத்தின் மீது அவனுக்கிருந்த கவலைதான் என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

இருபிள்ளைத்தாய்:

மூவருக்கும் மிக்க நன்றி. விசாரித்துவிட்டேன், இசைக்குழு மேடையிலேயே அமர்கிறதாம், நடிகர்கள் அவர்களுக்கு இடையே நடமாடுவார்களாம். இருக்கையும் ஓரத்திலேயே எடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. அடுத்த கட்டமாகக் கதையே இல்லாத சிம்பொனிக்கு இவர்களை எப்படி அழைத்துச் செல்வது? மறுபடியும் இடைவேளையில் கிளம்பும் நிலை வரக் கூடாது.

ஓய்வுபெற்ற இசையாசிரியர்:

வாத்தைப் பற்றிச் சொன்ன நண்பருக்கு: ஒப்புக்கொள்கிறேன். ஓபோவைத் தேடிக் கேட்கவைத்த கதையை நான் குறைசொல்ல முடியாது.

அம்மாவின் கேள்விக்கு: முழு சிம்பொனியிலிருந்து தொடங்க வேண்டாம். ஹைடனின் 94ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை மட்டும் வீட்டில் கேட்க வையுங்கள். குழந்தைப் பாட்டுப் போன்ற எளிய மெட்டு மெல்லிய ஓசையில் ஒலித்து, இரண்டாம் முறை அதைவிட மெல்லிய ஓசையில் ஒலித்து, கேட்பவர் அசந்திருக்கும் நேரத்தில் முழுக் குழுவும் ஒரே அடியாக இடிக்கும். ஒலித்தடுப்பான் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

பாசூன்காரன்:

நான் அதே ஹைடனின் 45ஆம் சிம்பொனியைச் சொல்வேன். கதையில்லாத சிம்பொனி என்று நாம் நினைப்பவற்றுக்குள்ளும் இப்படி ஒரு நாடகம் ஒளிந்திருக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1772இல் இளவரசர் நிக்கோலஸ் எஸ்டர்ஹாசி தம் கோடை மாளிகையில் வழக்கத்தைவிட நெடுநாள் தங்கிவிட்டதால், குடும்பங்களை விட்டுப் பிரிந்திருந்த இசைக்கலைஞர்கள் ஏங்கிப்போனார்கள். வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாத அவர்களுக்காக ஹைடன் இசையாலேயே விண்ணப்பம் போட்டார். இறுதிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் பங்கை வாசித்து முடித்து, தமக்கு முன்னிருந்த மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். முடிவில் இரண்டு வயலின்கள் மட்டுமே மிஞ்சி, தேய்ந்து அடங்குகின்றன. இளவரசருக்குப் புரிந்துவிட்டது, ஊர் திரும்ப ஏற்பாடு செய்தார்.

இன்றும் பல குழுக்கள் அதே போல எழுந்து வெளியேறித்தான் இதை நிகழ்த்துகின்றன. எங்கள் குழு இதை வாசித்தபோது நான் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓசையில்லாமல் நடந்து வெளியேறினேன். அரங்கின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறுவன், தாத்தா எங்கே போகிறார் என்று உரக்கக் கேட்டான். முந்தைய மாதம் ஓநாய்க் கதைக்கு வந்தவனாக இருக்க வேண்டும்.