பூஸ்டருக்குத் தமிழ்: 'வெற்றிடத் தடை ஊக்கி' சரிதானா?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பூஸ்டர் இல்லாத பழைய சிஜே3பி டீசல் ஜீப்புக்குப் புதிய வண்டியின் பிரேக் பூஸ்டரை (பிரேக் மிதிக்கும் காலுக்குக் கூடுதல் பலம் தரும் டப்பாவை) மாட்டும் முறையைத் தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதுகிறோம். வரைவில் 'வெற்றிடத் தடை ஊக்கி' என்று போட்டிருக்கிறது. ஆட்சேபம் உண்டா?

பேட்டையிலிருந்து:

உண்டு தம்பி. 'வெற்றிடத் தடை' என்று படிக்கிற பையனுக்கு, வெற்றிடத்துக்குத் தடை போடுகிற சாமான் என்றுதான் தோன்றும். ரோட்டில் கிடக்கிற வேகத்தடை வேறு நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய கோளாறு 'வெற்றிடம்'. வெற்றிடம் எதையும் தள்ளாது. பூஸ்டர் டப்பாவின் நடுவில் ரப்பர் டயாபிரம் நிற்கிறது. மிதிக்காதபோது இரண்டு பக்கத்துக் காற்றையும் எஞ்சினோடு ஓடும் பம்ப் உறிஞ்சியிருக்கும். மிதித்ததும் கால் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழையும். தள்ளுவது அந்தக் காற்று. 9 அங்குல டயாபிரத்தின் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. அழுத்த வேறுபாடு சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ என்றால் 280 கிலோவுக்கு மேல் தள்ளும்.

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை மலைக்கு ஏறிப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரின் பலமும் அதற்குத் தக்கபடி இறங்கும். பம்ப் என்னவோ அதே பம்ப்தான்.

அம்பையிலிருந்து:

அப்படியானால் 'விசைபெருக்கி'? ஒலிபெருக்கி மாதிரி வாயில் நிற்கும்.

பேட்டையிலிருந்து:

நிற்கும், ஆனால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. பெடல் ஒரு நெம்புகோல், அதுவும் விசையைப் பெருக்குகிறது. பிரேக் ஆயிலை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரத்தில் இருக்கிற வீல் சிலிண்டருக்கும் உள்ள அளவு வித்தியாசமும் பெருக்குகிறது. பூஸ்டரையும் சேர்த்தால் ஒரே ஜீப்பில் மூன்று பெருக்கி. பூஸ்டர் மாற்றும்போது வேலை கெடுவதே இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடாததால்தான்.

பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் விகிதம், அதாவது பெடல் காலின் விசையைப் பெருக்கும் அளவு, 6:1 வாக்கில் இருக்கும். பூஸ்டர் உள்ள வண்டிக்கு 4:1 போதும். பழைய விகிதத்திலேயே பூஸ்டரை மாட்டினால் கால் பட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நாலும் டிரம் பிரேக், மழைக்காலச் சேறு என்றால் கேட்கவே வேண்டாம். மறுபக்கம், மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தை முக்காலே அரைக்கால் (7/8) அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு மாற்றினால் அதே தள்ளுக்குக் கிடைக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். பூஸ்டர் கொடுத்ததில் ஒரு பகுதியை சிலிண்டர் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

என் யோசனை 'மிதித்துணை'. முக்கிய வேலை காலுடையது, இது கூட நிற்பது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. டப்பாவில் மிச்சமிருக்கிற வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகும். ஆனால் பிரேக் போகவில்லை, துணைதான் போயிருக்கிறது. இரண்டு காலையும் சேர்த்து அமுக்கினால் வண்டி நிற்கும். இந்த வித்தியாசம் பெயரிலேயே இருந்தால் நல்லது.

அம்பையிலிருந்து:

மிதி என்றாலே மிதிவண்டிதானே அண்ணாச்சி? அதோடு 'மிதித்து + உணை' என்று பிரித்துவிடுவார்களே.

பேட்டையிலிருந்து:

மிதிவண்டியிலும் இருப்பது பெடல்தானே. மிதிக்குத் துணை, அதனால் த் மிகும். பிரித்துத்தான் எழுதுவேன் என்றால் 'மிதித் துணை' என்று எழுதுங்கள், சண்டை இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

மிதித்துணையே இருக்கட்டும். பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிற 'புஷ்ராடு'க்கு உந்துதண்டு என்று வைத்திருக்கிறோம். அதன் இடைவெளியை எப்படி எழுதுவது?

பேட்டையிலிருந்து:

சொல்லைவிட அளவு முக்கியம். உந்துதண்டின் நுனியில் சன்னல் கண்ணாடிக்கு வைக்கிற புட்டியைச் சுண்டைக்காய் அளவு ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரை முழுக்க முடுக்கிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கி நிற்கிற புட்டியின் கனம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றுக்குள் இருக்கணும். தண்டு நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்காது. ஆயில் திரும்புகிற சிறு துளை மூடியே இருக்கும், நாலு கிலோமீட்டரில் டிரம் கொதிக்கும், பிரேக் பிடித்தபடியே நிற்கும். குட்டையானால் பெடல் பாதி தூரம் சும்மா இறங்கும்.

இன்னும் இரண்டு விஷயம் வரைவில் இல்லை. டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்றை மட்டுப்படுத்துகிற திராட்டில் பலகை கிடையாது, அதனால் காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டில் போதிய வெற்றிடம் இருக்காது, அங்கே குழாய் சொருகிப் பயனில்லை. ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சும் பம்ப்) உள்ளதாகப் பார்த்து வாங்கணும். அதற்கு எஞ்சின் ஆயில் போகவும் வரவும் குழாய் வேண்டும். திரும்பும் குழாய் பெரிதாகவும் மேடேறாமலும் சம்ப்புக்கு (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்கணும். பம்ப்புக்கும் பூஸ்டருக்கும் நடுவில் உள்ள ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டினால் துணையே கிடைக்காது.

அடுத்தது ஃபயர்வால், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நிற்கிற தகடு. பூஸ்டரை அதில்தான் மாட்டுகிறோம். பழைய மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருந்தது, தகடு இந்தப் பாரத்தைத் தாங்கினதே இல்லை. உள்பக்கம் 4 மி.மீ. பட்டைத் தகடு வைக்காவிட்டால் மிதிக்கும்போது தகடு நெளிவது கண்ணுக்கே தெரியும்.

சோதனைக்கு: எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணணும். மிதி தானாகக் கொஞ்சம் அமுங்கினால் துணை வேலை செய்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:

'அமுங்கு சோதனை' என்று சேர்த்தாச்சு. டயாபிரத்துக்கு 'உதரவிதானம்' போடலாமா?

பேட்டையிலிருந்து:

அது மூச்சுவிடுகிறவர்களுக்கு. இங்கே 'இடைத்திரை' போதும்.