டைப்போவா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அச்சுக்கோப்பு:
ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் ப்ரூஃப் பார்த்தவன் நான். ஒருமுறை கல்லூரி ஆண்டுமலர் ஒன்று வந்தது. முதல்வரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' என்ற ஆங்கிலச் சொல் 'பி, ஏ, எல்' என்று முடியவேண்டும். ஏழு இடத்திலும் 'பி, எல், இ' என்று, கொள்கையைக் குறிக்கும் சொல்லாக அச்சேறிவிட்டது. முதலாளி, "டைப்போ ஆகிடுச்சு சார்" என்று சமாளித்தார். வந்திருந்த பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "ஒரு இடத்துல விரல் தடுமாறினா டைப்போ. ஏழு இடத்துலயும் ஒரே மாதிரியா தடுமாறும்? இது ஸ்பெல்லிங் மிஸ்டேக் தம்பி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அச்சுப்பிழை, எழுத்துப்பிழை என்று தமிழில் இரண்டு சொல் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்தது என் தவறு. 1631-ல் லண்டனில் அச்சான பைபிள் ஒன்றில், விபசாரம் செய்யாதே என்ற கட்டளையில் 'நாட்' என்ற சொல் விட்டுப்போய், செய் என்றே ஆகிவிட்டது. அச்சிட்ட ராபர்ட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூகாஸுக்கும் 300 பவுண்டு அபராதம். 'நாட்' தெரியாத அச்சுக்கோப்பவர் இருந்திருக்க முடியாது. அதுதான் அச்சுப்பிழை.

நிரலன்:
நிரல் எழுதும் எங்கள் துறையில் ஒரு பிழை விதியாகவே நிலைத்துவிட்டது. ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் ஹெடருக்கு, அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிக்கு, 'ரெஃபரர்' என்று பெயர். நடுவில் இரண்டு 'ஆர்' வரவேண்டும். ஒன்று விடுபட்டு, 1996-ல் வந்த 'ஆர்.எஃப்.சி. 1945' என்ற எண் கொண்ட இணைய விதி ஆவணத்திலும் அப்படியே பதிவாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சரியான ஸ்பெல்லிங்கில் எழுதிவிட்டு, ஏன் எதுவும் வரவில்லை என்று மதியம் முழுக்கத் தேடினேன். பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' ஹெடரில் இரண்டு 'ஆர்' சரியாக இருக்கிறது. இப்போது இரண்டையும் நினைவில் வைக்கவேண்டும்.

கரும்பலகை:
ஆங்கில ஆசிரியை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 'பி' போடாமல் எழுதியிருந்தான். காதில் விழாத எழுத்தை எதற்கு எழுதவேண்டும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலேயர்கள் அந்த 'பி' இல்லாமல்தான் எழுதினார்கள். லத்தீன் மூலச்சொல்லில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு நுழைத்தது அது. அரை மார்க் குறைத்தேன். ஆனால் விடைத்தாள் ஓரத்தில், '600 வருடம் முன்பு நீ எழுதியது சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.