சின்ன மோட்டார் படகில் பாதுகாப்புக்கு உண்மையிலேயே எதெல்லாம் வேண்டும்?

கரைமணல் (கேள்வி)

வணக்கம். போன மாதம் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினேன். 18 அடி நீளம், பின்னால் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். விடுமுறை நாளில் நான், மனைவி, 7 வயது மகள், சில சமயம் அப்பா. இவ்வளவுதான் ஆட்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டிப் போகிற எண்ணம் இல்லை.

விற்றவர் படகோடு சேர்த்துக் கொடுத்தவை: பெரியவர் அளவில் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் 4, ஒரு சின்னத் தீயணைப்பான், துருப்பிடித்த நங்கூரமும் மெல்லிய கயிறும், ஆபத்தில் உதவி கேட்கக் கொளுத்தும் ஃப்ளேர் ஒரு டப்பா. ஃப்ளேரில் அச்சிட்டிருக்கும் தேதி முடிந்து 5 வருடம் ஆகிறது.

சட்டப்படி எது கட்டாயம் என்று உரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல்தான் குழப்பம். ஒரு இடத்தில் 30 பொருள் சொல்கிறார்கள், இன்னொரு இடத்தில் 50. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது. முதலில் எதை வாங்குவது? மகளுக்குப் பெரியவர் ஜாக்கெட்டையே இறுக்கிக் கட்டினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுக்கான்பிடி

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. பெரியவர் ஜாக்கெட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழந்தை தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். அவள் எடைக்கு ஏற்ற குழந்தை ஜாக்கெட் வாங்குங்கள். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் காலர், பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி, கால்களுக்கு நடுவே போகும் பட்டை, மூன்றும் இருக்க வேண்டும். போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் முகவாயைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது அவளுக்கானது இல்லை. அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் இறக்கி மிதக்கவிட்டுப் பாருங்கள். குழந்தைக்கும் பயம் போய்விடும்.

இனி, எதை முதலில் வாங்குவது என்பது. 14 வருடமாக நானும் என் கணவரும் படகில் போகிறோம். இதில் முதல் 5 வருடம் எங்களிடம் சாமான்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவற்றைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் சாயங்காலம் அந்த ஒருவரே தண்ணீரில் விழுந்தார்.

அலையே இல்லாத நாள். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் தொங்கிய கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுகிறேன் என்று சுக்கானை விட்டுவிட்டுக் குனிந்தார். எங்களைக் கடந்துபோன வேறொரு படகின் அலை வந்து தட்டியது. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது, திரும்பினால் ஆளைக் காணோம். 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்தில் போகிற படகு ஒரு வினாடிக்கு 3 மீட்டர் நகர்கிறது. நான் எழுந்து சுக்கான் பக்கம் வருவதற்குள் அவர் தலை தூரத்தில் ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது.

எனக்கு எஞ்சினை நிறுத்தத் தெரியாது. லீவரைத் தவறான பக்கம் தள்ளினேன், படகு இன்னும் வேகம் எடுத்தது. சாவிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு எப்போதும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். எதற்கென்று தெரியாமலே அதைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் அடங்கியது. அதுதான் கில் சுவிட்ச் கயிறு. அதை அவர் காலில் மாட்டியிருந்தால் விழுந்த நொடியிலேயே எஞ்சின் நின்றிருக்கும். நிறுத்தியாயிற்று, திரும்ப ஸ்டார்ட் செய்யலாம் என்று சாவியைத் திருகினால் அசையவே இல்லை. கயிற்றின் நுனியில் இருக்கும் கிளிப்பை மறுபடி அதன் இடத்தில் செருகினால்தான் எஞ்சின் உயிர் பெறும் என்பதும் எனக்குத் தெரியாது.

அவர் நன்றாக நீந்துவார், நீந்தியே வந்து சேர்ந்தார். ஆனால் ஏற முடியவில்லை. எங்கள் படகில் ஏணி இல்லை. துணியெல்லாம் நனைந்த ஓர் ஆளைப் படகின் விளிம்புக்கு மேல் தூக்குவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. நங்கூரக் கயிற்றை அவர் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டி, மறுமுனையைப் படகில் கட்டிவிட்டுக் கத்தினேன். 20 நிமிடம் கழித்து வேறொரு படகு வந்து இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கடைசியில் அவர் விரல்கள் கயிற்றைப் பிடிக்கவே மறுத்தன. லைஃப் ஜாக்கெட்? இருக்கைக்குக் கீழே பெட்டியில், துண்டுகளுக்கும் பெட்ரோல் கேனுக்கும் அடியில், புதுசாக இருந்தது.

அதனால் என் வரிசை இதுதான்.

ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். தண்ணீர் குளிராக இருந்தால் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, சுமார் 10 நிமிடத்துக்குப் பிறகு கை கால் சொன்னபடி கேட்காது. அந்த நிலையில் யாராலும் ஜாக்கெட்டைத் தேடி மாட்ட முடியாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022 அறிக்கையில், உல்லாசப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் 85 விழுக்காட்டினர் ஜாக்கெட் அணியாதவர்கள் என்று இருக்கிறது.

கில் சுவிட்ச் கயிறு எஞ்சின் ஓடும்வரை ஓட்டுபவர் தொடையில். கூடவே இன்னொரு கிளிப் வாங்கிப் படகில் வையுங்கள். ஓட்டுபவர் விழுந்தால் கயிறும் அவரோடே போய்விடும், படகில் இருப்பவர்கள் எதைச் செருகி ஸ்டார்ட் செய்வார்கள்? இதை யாரும் சொல்வதே இல்லை.

அடுத்தது ஏணி. தண்ணீரில் இருப்பவரே கையை எட்டிக் கீழே இழுக்கிற மாதிரி, தண்ணீருக்குள் இரண்டு படியாவது இறங்க வேண்டும். அதற்கடுத்து 20 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, பையோடு வருவது. கையெட்டும் இடத்தில் தொங்கட்டும்.

பிறகு, உங்கள் மனைவிக்கு எல்லாம் சொல்லிக்கொடுங்கள். ஒரு காலி கேனை மூடி தண்ணீரில் போட்டு, "ஆள் விழுந்தாச்சு" என்று சொல்லிவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒருவர் கேனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அது உங்கள் மகளாகவும் இருக்கலாம். மனைவி படகைத் திருப்பி, கிட்டே வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது புரொப்பல்லர் சுற்றவே கூடாது.

திருகாணி

அக்கா சொன்னதைப் படித்ததும் எழுந்துபோய் என் படகில் இரண்டாவது கிளிப் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இன்றைக்கே வாங்கிவிடுகிறேன்.

ஜாக்கெட் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், பழுதுபார்ப்பது என் வேலை. அதன் மேல் 50, 100, 150, 275 என்று நியூட்டன் கணக்கு இருக்கும். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 1 கிலோ தூக்கும் திறன். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்திலேயே உதவி இருக்கும் இடத்துக்கு. 150 இருந்தால் மயங்கியவரைக்கூடப் பெரும்பாலும் மல்லாக்கத் திருப்பி மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கும். உங்கள் அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா என்று நீங்கள் சொல்லவில்லை. தெரியாது என்றால் நுரை அடைத்த ஜாக்கெட்தான், தானாக ஊதிக்கொள்ளும் வகை வேண்டாம்.

உங்களுக்கும் மனைவிக்கும் ஊதும் வகை வாங்கினால், அது உடம்பில் இருப்பதே தெரியாது, அதனால் கழற்ற மாட்டீர்கள். ஆனால் அதற்குக் கவனிப்பு வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், 150 நியூட்டன் ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம் வாயு. படகின் அதிர்வில் இந்தச் சிலிண்டரின் மரை மெல்ல மெல்லத் தளரும். என் மேஜைக்கு வருகிறவற்றில் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். இரண்டு விரலால் திருகினாலே சுற்றுகிறது என்றால், தண்ணீரில் விழும்போது ஊசி சிலிண்டரைத் துளைக்காமல் போகலாம். புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் விரலால் இறுக்கிப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். துளை இருந்தால் காலி. சந்தேகமாக இருந்தால் கிராம் காட்டும் தராசில் நிறுத்து, சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள், குறைந்தால் மாற்றுங்கள். ஈரத்தில் கரைந்து ஜாக்கெட்டை ஊதவைக்கும் மாத்திரை உள்ள வகை என்றால் அதன் தேதியையும் பார்க்க வேண்டும். பிறகு வாயால் ஊதி ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துவிடுங்கள், மறுநாள் தொய்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

ஊதும் ஜாக்கெட்டின் மேலே மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தானை மூடாதீர்கள். ஊதும்போது நெஞ்சை நெரிக்கும்.

ஈரக்கயிறு

இரண்டு பேரும் தண்ணீரில் விழுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் உதவி கேட்பதையும் தீயையும் சொல்கிறேன்.

அந்தப் பழைய ஃப்ளேரை நம்பாதீர்கள், விளையாட்டாகக் கொளுத்தவும் கொளுத்தாதீர்கள். பார்க்கிறவருக்கு அது ஆபத்து அறிவிப்பு, யாராவது கிளம்பி வந்துவிடுவார்கள். குப்பையிலும் போடக் கூடாது. வாங்கும் கடையிலோ தீயணைப்பு நிலையத்திலோ எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். புதிதாகக் கையில் பிடிக்கும் சிவப்பு ஃப்ளேர் வாங்கினால், கொளுத்தும்போது காற்று போகும் பக்கம் படகுக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். ஒரு நிமிடம்தான் எரியும், சாம்பல் படகுக்குள் விழக் கூடாது. அதனால் படகோ விமானமோ கண்ணில் படும்போது மட்டும் கொளுத்துங்கள்.

செல்போன் எடுத்துச் செல்லுங்கள், தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டி. ஆனால் போனில் பேசினால் ஒருவருக்குத்தான் கேட்கும். கடல் பக்கம் போவதானால் கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒன்று வாங்குங்கள். ஆபத்து அழைப்புக்கான சேனல் 16ல் பேசினால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சுற்றுவட்டாரப் படகுகளுக்கெல்லாம் கேட்கும், பெரும்பாலும் முதலில் வந்து சேர்வதும் பக்கத்துப் படகுதான். பல நாடுகளில் இதற்கு உரிமம் வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது: ஆபத்து அழைப்புச் சொல்லான மேடே மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுக்கான் பக்கத்தில் ஒட்டினால் உங்கள் மகள்கூடப் படித்துச் சொல்லலாம். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் உண்டு, நல்லவைதான். ஆனால் கரை தெரியும் தூரத்தில் போகிறவர் அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு விசில், டார்ச் ஒன்று, போதும்.

எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் அது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட ஆபத்து அறிவிப்பு. ஒற்றைக் கையை ஆட்டினால் வணக்கம் சொல்கிறீர்கள் என்று நினைத்து எதிரே இருப்பவரும் கையாட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கே அது நடந்தது, இரண்டு படகுகள் கையாட்டிவிட்டுப் போயின.

தீயணைப்பான் எஞ்சின் பக்கத்திலோ பெட்ரோல் டேங்க் பக்கத்திலோ இருக்கக் கூடாது, தீ அங்கேதான் பிடிக்கும். அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1 கிலோ பவுடர் தீயணைப்பான் 10 வினாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதனால் இரண்டு நல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். கையில் தூக்கும் டேங்க் என்றால் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். மூக்கால் முகர்ந்து வாசனை இல்லை என்று தெரிந்த பிறகு சாவியைத் திருகுங்கள்.

கரைமணல்

மூன்று பேருக்கும் நன்றி. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது, அவருக்கு நுரை ஜாக்கெட் வாங்கிவிட்டேன். மகளுக்குத் தூக்கிப் பார்த்து வாங்கினேன், மூன்றாவதுதான் சரியாக உட்கார்ந்தது. ஏணி அடுத்த வாரம் வருகிறது.

நேற்று கேன் பயிற்சி செய்தோம். மகள் கையை நீட்டியபடி "அங்கே, அங்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மனைவி முதல் இரண்டு முறை கேனைத் தாண்டிப் போய்விட்டாள். நான்காவது முறை பக்கத்தில் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்தி எடுத்தாள். அப்புறம் என்னைச் சுக்கானிலிருந்து எழச் சொல்லிவிட்டு அவளே கரை வரை ஓட்டி வந்தாள்.

ஒரு சந்தேகம். அந்த மெல்லிய நங்கூரக் கயிற்றை மாற்ற வேண்டுமா? நங்கூரம் பாதுகாப்புப் பொருளில் சேருமா?

சுக்கான்பிடி

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், எனக்குக் கேனை எடுக்கவே ஒரு வாரம் ஆனது.

நங்கூரம் கண்டிப்பாகச் சேரும். எஞ்சின் நின்று காற்று உங்களைப் பாறைப் பக்கம் தள்ளும்போது அது ஒன்றுதான் பிரேக். கயிறு தண்ணீரின் ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு நீளம் இருக்க வேண்டும், 10 மீட்டர் ஆழம் என்றால் 50 முதல் 70 மீட்டர். நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி வையுங்கள், அப்போதுதான் அது தரையில் படுத்து மண்ணைக் கவ்வும். கயிறு நீளம் போதாவிட்டால் நங்கூரம் நிமிர்ந்து, மண்ணைக் கிளறிக்கொண்டே கூட வரும். மறுமுனையைப் படகின் முன்பக்கத்தில் கட்டியிருக்கிறதா என்று போடுவதற்கு முன்பே பாருங்கள். பின்பக்கம் கட்டி நிறுத்தினால் அலை எஞ்சின் பக்கமாகப் புகுந்து படகை நிரப்பிவிடும்.

இன்னொன்று, ஒரு வாளி வையுங்கள். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் இருந்தாலும் வையுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும், பேட்டரி நனைந்தால் பம்ப் நின்றுவிடும். வாளிக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.