மெட்ரிக் கணக்கு: பழைய வினாத்தாள் எந்த ஆண்டிலிருந்து போடுவது?

டர்பன் அம்மா:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் இருக்கிறோம். மகன் 12ஆம் கிரேடு (மெட்ரிக்), அரசுத் தேர்வுதான், ஐ.ஈ.பி. (தனியார் தேர்வு வாரியம்) இல்லை. செப்டம்பரில் டிரையல் (பள்ளியில் நடக்கும் மாதிரித் தேர்வு), அப்புறம் நவம்பரில் இறுதித் தேர்வு. வாட்ஸ்அப் குழுவில் 2009, 2011 தாளெல்லாம் வந்து குவிகிறது. எங்கே தொடங்க? மெமோவை (திருத்துவோருக்கான விடைக் குறிப்பை) பக்கத்தில் வைத்துக்கொண்டு போடலாமா?

வட்ட நாற்கரம்:
2014க்கு முந்தியதை ஒதுக்கிவிடுங்கள். இப்போதைய பாடத்திட்டமான காப்ஸில் முதல் மெட்ரிக் தேர்வு அந்த ஆண்டுதான். அதற்கு முன் யூக்ளிட் வடிவியலும் நிகழ்தகவும் விருப்பத் தாளான மூன்றாம் தாளில் இருந்தன. இப்போது இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் யூக்ளிட் பகுதிக்கே சுமார் 40. பழைய தாளையே போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது புதிதாக இருக்கும். இப்போது பாடத்தில் இல்லாத லீனியர் புரோகிராமிங் என்ற பகுதியில் நேரம் போயிருக்கும். நவம்பர் தவிர மே-ஜூனிலும் ஒரு தேர்வு உண்டு; 2020 மே-ஜூன் தாளைத் தேட வேண்டாம், கோவிடால் அந்தத் தேர்வு நவம்பரோடு சேர்ந்துவிட்டது.

முதலிலேயே முழுத் தாள் வேண்டாம். ஐந்தாறு தாள்களிலிருந்து கால்குலஸை மட்டும் எடுத்து (முதல் தாளில் சுமார் 35 மதிப்பெண்) வரிசையாகப் போடட்டும். கேட்கும் விதம் பிடிபட்டுவிடும். கடைசி மூன்று ஆண்டுத் தாள்களைத் தொடாமல் வைத்து, டிரையலுக்குப் பிறகு கடிகாரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். 150 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். 5 மதிப்பெண் கணக்கு 6 நிமிடத்தைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகணும்.

சிவப்புப் பேனா:
அந்த மூன்று ஆண்டு யோசனை நடைமுறையில் நிற்காது. போன நவம்பர் தாளைப் பல பள்ளிகளில் வகுப்பிலேயே போட்டுவிடுவார்கள். மே-ஜூன் தாள்களை ஒதுக்கி வையுங்கள், அவற்றை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை.

மெமோ பக்கத்தில் இருக்கவே கூடாது. பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் தோன்றும். போட்டு முடித்த பிறகு, வேறு நிறப் பேனாவில் அவனே திருத்தணும். விடை சரியா என்று மட்டும் பார்த்தால் போதாது, டிக் எந்த வரியில் விழுகிறது என்று பார்க்கணும். யூக்ளிடில் கூற்றுக்குத் தனி மதிப்பெண், காரணத்துக்குத் தனி. காரணத்தைத் தன் போக்கில் எழுதினால் போச்சு. ஏற்றுக்கொள்ளும் காரணங்களின் பட்டியல் கல்வித் துறையின் தேர்வு வழிகாட்டிக் கையேட்டில் இருக்கிறது, அதை அச்சடித்து மேசையில் ஒட்டுங்கள்.

மெமோவில் ‘சி.ஏ.’ என்று வந்தால், முந்தைய வரி பிழையானாலும் அதை வைத்துச் சரியாகத் தொடர்ந்ததற்கு மதிப்பெண் உண்டு என்று பொருள். அதனால் பாதியில் நிறுத்த வேண்டாம். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதினால் முதலாவதைத்தான் திருத்துவார்கள். அடித்துவிட்டு வேறு எழுதாமல் விட்டால் அடித்ததையே திருத்துவார்கள்.

டர்பன் அம்மா:
நன்றி. இரண்டாம் தாளுக்கு நோட்டில் எழுதினால் போதுமா?

வட்ட நாற்கரம்:
போதாது. அதற்குத் தனி விடைப் புத்தகம் தருவார்கள், படங்கள் அதிலேயே இருக்கும். கல்வித் துறைத் தளத்தில் தாளோடு அதுவும் கிடைக்கும், சேர்த்து அச்சடியுங்கள். கோணங்களைப் படத்திலேயே குறித்துப் பழகணும். கடைசிப் பக்கச் சூத்திரத் தாளையும் பிரித்து எடுத்துக் கையில் கொடுங்கள்.