பயறுக்கு இப்போதே முற்பணம் கொடுக்கலாமா?

குடும்ப அரட்டைக் குழு: வேப்படி வளவு

சின்னவன்: எல்லாரும் ஒருக்கால் இதைப் பாருங்கள். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நெல் வெட்டின வயலில் பயறு போட்டிருக்கிறார்கள். இப்போது முற்பணம் கொடுத்தால் கிலோ 650க்கு எழுதித் தருவார்களாம். கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு முதலாளி 800க்கு 5 தொன் கேட்கிறார். செய்யலாமா?

மாமி: நல்லது மகன். சித்திரை வருசப் பொங்கலுக்கு எனக்கும் கொஞ்சம் எடுத்து வை.

பெரியக்கா: மாமி, அது இப்போதுதான் முளைத்திருக்கிறது. வருசத்துக்குக் கடையில்தான் வாங்கவேண்டும்.

மாமா: மனே, கொழும்புக்குச் சொல் கொடுத்துவிட்டாயா?

சின்னவன்: இல்லை மாமா. திங்கள் பதில் சொல்லவேண்டும்.

மாமா: அப்போ சரி. நல்லாக விளைந்தால் 650க்குப் பயறு வரும். ஆனால் அந்த நேரம் வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுக்கப் பயறு கிடக்கும், சந்தை 500க்கு இறங்கும். உன் முதலாளி 800 தரமாட்டார். ஈரம், கல், சொத்தை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கழிப்பார். சரி, காய்ந்துபோனால்? சந்தை 1000க்கு ஏறும், வயலில் இருந்து உனக்கு ஒரு மூடையும் வராது. சொன்ன சொல்லுக்கு 1000க்கு வாங்கி 800க்குக் கொடுப்பாய். தொன்னுக்கு 2 இலட்சம், 5 தொன்னுக்கு 10 இலட்சம். முற்பணம் போனது வேறு.

சின்னவன்: அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்களே மாமா.

பெரியக்கா: வயல் கருகினவனிடம் கடதாசியைக் காட்டி என்ன வாங்கப் போகிறாய்? அதுவும் என் மாமியாரின் ஊர்ச் சனம். நான் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாமா?

கனடா அண்ணன்: தம்பி, இங்கேயும் இதே கதை நடந்தது. கனடாவின் மைசூர்ப் பருப்பில் பெரும்பங்கு சஸ்காச்சுவான் மாகாணத்தில் விளைகிறது. 2021இல் கடும் வறட்சி, விளைச்சல் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. வறட்சி வந்தால் கொடுக்கத் தேவையில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தவர்கள் தப்பினார்கள். எழுதாமல் விட்டவர்கள் ஏறின விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் வித்தியாசத்தைக் காசாகக் கட்டினார்கள். நீயும் முதலாளியிடம் அப்படி ஒரு வரி கேட்டுப் பார்.

மாமா: அந்த முதலாளியா எழுதித் தரப்போகிறார்! கேட்கிறதில் பிழை இல்லை, கேள்.

சின்னவன்: இந்த வருசம் நிலத்தில் ஈரம் இருக்கிறது மாமா. நான் போய்ப் பார்த்தேன்.

மாமா: இப்போது இருக்கும். மாரி மழையில் ஊறின ஈரத்தை நம்பித்தான் அந்தப் பயறே. பூக்கிற நேரத்தில்தான் பார்க்கவேண்டும். வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட காற்று எழும்பினால் பூ எல்லாம் கொட்டும். குளத்துத் தண்ணீர் முதலில் சிறுபோக நெல்லுக்குப் போகும். உன்னிச்சைக் குளத்தில் மட்டக்களப்புக்குக் குடிதண்ணீரும் எடுக்கிறார்கள். பயறுக்கு என்று யார் திறந்துவிடுவார்கள்?

பெரியக்கா: மழை பெய்தாலும் தொல்லை மாமா. முற்றின காயில் இரண்டு நாள் மழை விழுந்தால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும்.

மாமா: ஓம் பிள்ளை, அதுவும் சரி.

கனடா அண்ணன்: இறக்குமதியையும் யோசி. 2020இல் இலங்கையில் பயறு, கௌபி (தட்டைப் பயறு), உழுந்து இறக்குமதியை மறித்தார்கள். பிறகு உழுந்து கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். அதேபோல ஒரு வர்த்தமானி அறிவித்தலில் இறக்குமதியைத் திறந்தும் விடலாம். மூடை அடுக்கி வைத்தவன் மாட்டிக்கொள்வான்.

மாமி: அந்த வருசம் தோசைக்கு உழுந்து பாதி, கோதுமை மா பாதி போட்டோம். மகளுக்கு இப்போதும் அந்தத் தோசைதான் பிடிக்கும்.

சின்னவன்: அப்போ விட்டுவிடவா?

மாமா: விடச் சொல்லவில்லை. விலையைக் கட்டாதே என்கிறேன். காய் பிடுங்குகிற கூலிக்கு மட்டும் முற்பணம் கொடு, அறுக்கிற அன்றைய சந்தை விலையில் கழித்துக்கொள். விளையாவிட்டால் அந்தளவோடு நட்டம். கொழும்புக்கு, கையில் வந்த பிறகு வந்த அளவுக்குத் தருகிறேன் என்று சொல். அப்புறம், வயலடியில் ஈரத்தோடு நிறுக்காதே. 18 சதவீத ஈரத்தில் வாங்கி 12க்குக் காயவைத்தால் 100 கிலோவில் ஏறக்குறைய 7 கிலோ போய்விடும். பல்லில் கடித்துப் பார், டக்கென்று உடையவேண்டும். நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும்.

சின்னவன்: விலை கட்டாமல் விட்டால் வேறு யாராவது கட்டிவிடுவார்கள் மாமா. நான் 1 தொன்னுக்கு மட்டும் 650க்கு எழுதப்போகிறேன், கொழும்புக்கு எதுவும் எழுதிக் கொடுக்காமல். மிச்சத்துக்கு நீங்கள் சொன்ன மாதிரி.

மாமா: ம். அந்த ஒரு தொன் போனால் தாங்குவாயா?

சின்னவன்: தாங்குவேன்.

மாமா: அப்போ செய். யார் யாருடைய வயல் என்று அனுப்பு. ஒரே வயல்வெளியில் எல்லாவற்றையும் எடுக்காதே, ஒரு பங்கை உறுகாமம் பக்கமும் பார்.

பெரியக்கா: எங்கே அடுக்கப்போகிறாய்? போன தரம் கௌபி வண்டு சாமியறை வரைக்கும் வந்தது.

சின்னவன்: வண்டு வயலில் இருந்தே முட்டையோடு வருகிறது அக்கா, என்னில் பழி போடாதீர்கள். இந்த முறை காற்றுப் புகாத உள்பை போட்டுக் கட்டப்போகிறேன்.

பெரியக்கா: எந்தப் பை என்றாலும் என் வீட்டில் வேண்டாம். மாமாவின் பின் அறை சும்மாதானே கிடக்கிறது.

மாமா: அதற்குள் பழைய சைக்கிள் இரண்டு நிற்கிறது. ஞாயிறு வந்து தூக்கு, பார்க்கலாம்.