கைப்பேசித் தரவில் டோரண்ட் பகிர்வு ஏன் இத்தனை மெதுவாகிறது?

கேள்வி: பேரேடு, கானாடுகாத்தான்

எங்கள் பாட்டையா பர்மாவில் கடை நடத்திய காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து வருகிறோம். தொகுப்பு 40 ஜிபியைத் தொட்டுவிட்டது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு படி இருக்க வேண்டும் என்பதற்காக கணினிகள் கோப்பைத் துண்டு துண்டாகத் தங்களுக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் டோரண்ட் முறையைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டில் 4ஜி ஹாட்ஸ்பாட் மட்டுமே உண்டு. காணொளிகள் தடையின்றி ஓடும் அதே இணைப்பில், பங்காளிகள் பலருடைய கணினிகள் எங்களோடு இணைவதே இல்லை. இணைந்தாலும் வேகம் ஏறுவதில்லை, அந்நேரத்தில் வேறு இணையப் பக்கங்களும் திறப்பதில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி: கொப்புடையான், காரைக்குடி

ஐயா, இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். இணையத்தில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் பழைய வகை எண்களான ஐபிவி4 முகவரிகள் போதாமையால், கைப்பேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. கைப்பேசிக்குக் கிடைத்திருக்கும் ஐபிவி4 முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். அங்கிருந்து வெளியே இணைப்புக் கோரலாம். வெளியிலிருந்து உங்களைத் தேடி வரும் கோரிக்கை வந்து சேராது. எதிர்முனையில் இருப்பவரும் கைப்பேசித் தரவில் இருந்தால், இருவரும் ஒருவரையொருவர் எட்ட முடியாமல் போவதே பெரும்பாலும் நடக்கும்.

வேகக் குறைவுக்குக் காரணம் பதிவேற்றத் திசை. காணொளி பார்ப்பது பதிவிறக்கம். கோபுரம் வலுவான ஆற்றலோடு அனுப்புவதால் அது நன்றாக ஓடும். கைப்பேசி அனுப்பும் ஆற்றலோ அதிகபட்சம் ஏறத்தாழ 200 மில்லிவாட் மட்டுமே என்பதால், நம் வட்டாரத்து வீடுகளின் கனத்த சுவர்களுக்கு நடுவில் முதலில் அடிபடுவது பதிவேற்றம்தான். ஹாட்ஸ்பாட் கைப்பேசியை வளவிலிருந்து (உள்முற்றத்திலிருந்து) முகப்புக்கு மாற்றிப் பாருங்கள். பதிவேற்றம் முழுத் திறனையும் விழுங்கும்போது, பதிவிறக்கத்துக்கான ஒப்புகைச் செய்திகளும் (தரவு வந்து சேர்ந்தது என்று நம் கருவி திருப்பி அனுப்பும் சிறு செய்திகள்) அதே வரிசையில் காத்துக் கிடக்கின்றன. மற்றப் பக்கங்கள் திறக்காததற்கு அதுவே காரணம். டோரண்ட் செயலியில் பதிவேற்ற வரம்பை, அளந்து பார்த்த வேகத்தில் முக்கால் பங்காக வையுங்கள்.

மறுமொழி: தேவகோட்டை வாசகர்

மேலே சொன்னது சரி, எண்கள் மிக அதிகமுள்ள புதிய முகவரி முறையான ஐபிவி6ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கைப்பேசி வலைகள் பலவும் அதைத் தருகின்றன. அதில் முகவரிப் பகிர்வு தேவையில்லை. ஆயினும் சில வலைகள் உள்வரும் இணைப்புகளைத் தடுப்பதால் இதை மட்டுமே நம்பியிருப்பது சரியாகாது. சென்னையில் ஃபைபர் இணைப்பும் பொது முகவரியும் உள்ள ஒரு பங்காளியின் ரௌட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான எண்ணிட்ட வாயிலை) திறந்து வைத்து, முழுப் படியை முதலில் அவருக்கு அனுப்புங்கள். அதன்பின் மற்றவர்கள் அவரிடமிருந்து பெறலாம். உங்கள் சிம்மின் தரவு வரம்பும் தப்பும். குடும்பக் கடிதங்கள் என்பதால் கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டிய பிறகே டோரண்டை உருவாக்குவது நல்லது.

கேள்வி கேட்டவர்

எங்கள் முகவரி 100.72 என்றுதான் தொடங்குகிறது. முகப்புக்கு மாற்றியதில் பதிவேற்றம் கண்கூடாக உயர்ந்தது. சென்னைப் பங்காளி போர்ட்டைத் திறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பேரேடுகளை மட்டும் முதல் தொகுதியாகப் பூட்டி இன்றிரவு அனுப்பத் தொடங்குகிறோம்.